துண்டைத் தூக்கிக் காட்டுகிறவள்

செவ்வாய்க்கிழமை.

என் வீட்டுக்காரருக்கு ஏன் கால் இழுக்கிறது, ஏன் ஒரு கண் மங்குகிறது என்று இன்று வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா புரியும்படி சொன்னார். மூளையில் நரம்புகளைப் பார்த்துக்கொள்ளவே உதவி செல்கள் இருக்கின்றனவாம். கிருமி வந்தால் அதை விழுங்கி, நறுக்கி, ஒரு துண்டை மேலே தூக்கிக் காட்டுமாம். ரத்தத்திலிருந்து வரும் காவல் செல்கள் அதைப் பார்த்துத்தான் அடிக்குமாம். இவருக்கு அந்த உதவி செல்கள் நரம்பின் சொந்த உறையையே நறுக்கிக் காட்ட, காவல் செல்களும் அதையே அடிக்கின்றனவாம்.

"கூடவே இருந்துகினு இப்படியா பண்ணும்?" என்றார் இவர்.

"அதுங்க மேல கோபப்பட்டு என்ன பண்றது? அதுங்க வேலைய அதுங்க செய்யுது" என்றார் டாக்டரம்மா.

எனக்கு என் வேலை நினைவுக்கு வந்தது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் நான் செக்கர். தையலில் பழுது கண்டால் அந்த இடத்தை மட்டும் வெட்டி சூப்பர்வைசரிடம் காட்டுவேன். அவர் துண்டைத்தான் பார்ப்பார், முழுத் தோலைப் பார்க்கமாட்டார். போன மாதம் எங்கள் கம்பெனியில் தைக்கிற சாந்தி தைத்ததில் ஒரு கீறலைக் காட்டினேன். அன்றே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மறுநாள் அதே தோலில் மிச்சமிருந்ததைப் புரட்டினேன். ஊசி படாத இடத்திலும் கீறல் ஓடியது. அது சாந்தி செய்த பழுதல்ல, ஆடு உயிரோடிருந்தபோது முள் கிழித்த தழும்பு. யாரிடமும் நான் சொல்லவில்லை.

இவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போன நாளெல்லாம் என் பிள்ளைக்குச் சோறு போட்டவள் சாந்தி. நேற்று கம்பெனி கேட்டில் காத்திருந்து, "ஏன்க்கா அப்படிப் பண்ணே?" என்று கேட்டாள்.

"என் வேலைய நான் செஞ்சேன்" என்றேன்.