தண்ணீரை எழுப்பும் சடங்கு

தாராவி, மும்பை
15 ஜூன் 2025

அன்பும் அலம்பலும் மிக்க பத்மஜா அக்காவுக்கு,

இசக்கி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். சுகமில்லாதவர்களும் கேட்டால் சுகம் என்றுதான் சொல்வார்கள், அதனால் அதற்கு மேல் நீ துருவ வேண்டாம்.

மாதம் ஒரு கடிதம், மாறி மாறி, கையெழுத்தில், ஆறு மாதம். உங்கள் லிம் சார் நல்ல சட்டம் போட்டிருக்கிறார். போனில் பேசினால் உறவு வளராதாம், பேனாவில்தான் வளருமாம். நான் எழுதினால் உனக்கு மார்க். நீ எழுதினால் எனக்கு என்ன என்று நாகராஜ் அண்ணனிடம் கேட்டேன். எங்கள் சந்தில் உங்கள் திட்டத்துக்கு அவர்தானே மேஸ்திரி. "ஒனக்கு அனுபவம்ட்டி" என்றார். மார்க் உங்களுக்கு, அனுபவம் எங்களுக்கு. பங்கு பிரித்தாயிற்று. தாராவியில் எல்லாமே தாராளம், தண்ணீர் மட்டும்தான் தாராது.

தண்ணீர் என்று எழுதியதுமே சிரிப்பு வந்துவிட்டது. மே மாதம் நீங்களெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்த அன்றைக்கு, அம்மா தண்ணீர் டிரம்மை விரல் முட்டியால் தட்டியது நினைவிருக்கிறதா? மூடி மேல் பாத்திரம் அடுக்கியிருக்கிறது, எல்லாவற்றையும் இறக்கித் திறக்க யாரால் முடியும்? சத்தத்திலேயே தண்ணீர் எதுவரை கிடக்கிறது என்று தெரிந்துவிடும். அவ்வளவுதான் சங்கதி. அதைப் போய் உங்கள் சார் கண்ணை விரித்துக்கொண்டு என்ன என்று கேட்டார். என் நாக்குக்குத்தான் எலும்போடு சேர்த்து வெட்கமும் கிடையாதே. "தண்ணி தூங்குது சார். கேக்காம எடுத்தா கோவிச்சுக்கும். மூணு தட்டுத் தட்டி எழுப்பணும்" என்றேன். நீதான் அதை பக்தியோடு இங்கிலீஷில் மாற்றிச் சொன்னாய். வந்த அத்தனை பேரும் வரிசையில் நின்று தட்டினீர்கள். ஒரு பையன் டிரம்மிடம் நன்றிகூடச் சொன்னான்.

சாயங்காலம் உன்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னேனே, நீ சிரித்த சிரிப்பில் பக்கத்து ரூம் சைனப் சாச்சி சுவரை இடித்தாள். "அவங்களும் எழுப்புறாங்களா?" என்று கேட்டாயே, அப்போதே முடிவு செய்தேன், இவள்தான் என் கூட்டாளி.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். டிசம்பரில் எங்கள் சந்திலிருந்து ஒருவரை ரெண்டு வாரம் உங்கள் பல்கலைக்கழகத்தில் படிக்கக் கூப்பிடுவார்களாமே. கூட்டாளி மாணவி பரிந்துரைத்தால் போதுமாம். அக்கா, நீ பரிந்துரைத்தால் நான் பறந்துவருவேன். வேறு எதுவும் உன்னிடம் கேட்க மாட்டேன், சத்தியம்.

மாட்டுங்காவில் பாத்திரம் தேய்த்த நாலு வீட்டையும் அம்மா விட்டுவிட்டாள். இனி வருகிற கூட்டத்துக்கெல்லாம் மதியச் சோறு அவள்தான். மீன் குழம்பைச் சட்டியோடு வழித்துத் தின்ற சிங்கப்பூர்ப் பிள்ளையை அடிக்கடி கேட்கிறாள்.

கூட்டுக்களவாணி,
இசகுபிசகு இசக்கி


சிங்கப்பூர்
6 ஜூலை 2025

பாசமிகு தங்கை இசக்கிக்கு,

உன் கடிதத்தை எம்ஆர்டி ரயிலில் படித்துச் சிரித்ததில் எதிரே இருந்த பெரியவர் இடம் மாறி உட்கார்ந்தார். நலமாக இருக்கிறேன். அம்மாவின் குழம்புக்கு இங்கே ஈடு எதுவும் இல்லை.

ஒரு விஷயம் சொல்கிறேன், பதறாதே. கற்றல் பயணம் முடிந்ததும் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வுத் தலைப்பு எடுக்க வேண்டும் என்று சொன்னேன் அல்லவா? நான் வாயைத் திறப்பதற்குள் லிம் சார் என் பெயருக்கு நேரே பலகையில் எழுதிவிட்டார்: 'தண்ணீரை எழுப்பும் சடங்கு'. வகுப்பே கை தட்டியது. அந்த நேரத்தில் எழுந்து, சார் அது விளையாட்டு என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. என் உபகாரச் சம்பளம் இந்த மதிப்பெண்ணில்தான் நிற்கிறது.

எழுதி முடித்துவிட்டேன். மிக நன்றாக வந்திருப்பதாக எல்லோரும் சொல்கிறார்கள். நம் இருவருக்குள் இருக்கட்டும், சரியா? கடிதங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். சாருக்குத் தமிழ் தெரியாது, உறைகளை மட்டும்தான் எண்ணுவார்.

டிசம்பருக்கு உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். சாருக்கும் சம்மதம். கருத்தரங்க மேடையில் நீ அந்தச் சடங்கை ஒரு முறை செய்து காட்ட வேண்டுமாம். உனக்கா தெரியாது நடிக்க! நீ வந்ததும் எங்கள் வீட்டில்தான் தங்க வேண்டும், என் அறையிலேயே. எனக்குத் தங்கை இல்லாத குறை உன்னால் தீர்ந்தது.

என்றும் அன்புடன்,
பத்மஜா அக்கா


தாராவி
10 ஆகஸ்ட் 2025

ஆய்வாளர் திலகம், அளப்பதில் அரசி பத்மஜா அக்காவுக்கு,

பாஸ்போர்ட் வந்துவிட்டது! அதில் நான் பாஸ், போட்டோதான் ஃபெயில். வெள்ளிப் பாத்திரம் திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி முழிக்கிறேன். போலீஸ் விசாரணைக்கு வந்த ஹவில்தார், சிங்கப்பூரில் என்ன படிப்பு என்று மராத்தியில் கேட்டார். டிரம் வாசிப்பு என்றேன். எழுதிக்கொண்டே போய்விட்டார்.

குழாயடியில் அம்மா சொல்லாத ஆள் இல்லை. "எம் மவ பிளேன்ல போறா" என்று, பிளேனை அவளே ஓட்டுவது மாதிரி. அப்பா, தான் வேலை செய்யும் லெதர் பட்டறையிலிருந்து ஒரு கைப்பை கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். ஜிப் போகவில்லை, அதனால்தான் பட்டறையில் கழித்திருக்கிறார்கள். எனக்கு ஜிப் வேண்டாம், வாயையே மூடத் தெரியாதவளுக்குப் பை எதற்கு மூட?

ஆனால் அக்கா, ஒரு சின்ன லஃப்டா, வில்லங்கம். நாகராஜ் அண்ணன் அந்தச் சடங்கை நிகழ்ச்சி நிரலில் சேர்த்துவிட்டார். சாப்பாட்டுக்கு முன்னால் பத்து நிமிடம். வருகிற கூட்டத்துக்கெல்லாம் இனி அம்மா தட்டிக் காட்ட வேண்டுமாம், பட்டுச் சேலையில். போன வாரம் தட்டினாள். எல்லோரும் போன் நீட்டிக்கொண்டு நின்றார்கள். இரண்டாவது தடவை தட்டச் சொன்னார்கள், முதல் தடவை வெளிச்சம் போதவில்லையாம். அவர்கள் போனதும் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, நான் சோறு பொங்க வந்தவளா, மேளம் அடிக்க வந்தவளா?"

வெளியூர்க்காரர்களுக்கு இதெல்லாம் வேடிக்கை, சும்மா தட்டிவிடு என்றேன். அவள் சிரிக்கவில்லை. எனக்கும் பாதிச் சிரிப்புதான் வந்தது. மீதியை டிசம்பரில் மேடையில் சிரித்துக்கொள்கிறேன். உன் சாரிடம் சொல்லி அந்தப் பட்டுச் சேலையையாவது விட்டுவிடச் சொல்லேன்.

பறக்கக் காத்திருக்கும்,
இசக்கி


தாராவி
28 செப்டம்பர் 2025

பத்மஜா அக்காவுக்கு,

இந்த மாதம் உன் முறை, நீ எழுதவில்லை. பரீட்சை இருந்திருக்கும். உன் முறைக்கும் நானே எழுதுகிறேன், உறை கணக்குக்கு ஆகும்.

லிம் சார் புதுக் கூட்டத்தோடு வந்திருந்தார். நான் காலேஜில் இருந்தேன். வீட்டில் இருந்திருந்தால் வாயை விட்டாவது காப்பாற்றியிருப்பேன். அம்மா தட்டி முடித்ததும் சார் அவள் பக்கத்தில் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்து, இதை உனக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள், தட்டும்போது மனசில் என்ன நினைப்பாய் என்று கேட்டிருக்கிறார். நாகராஜ் அண்ணன் தமிழில் கேட்டார். அம்மா சொன்னாளாம்:

"இதுல நெனைக்க என்ன சார் இருக்கு? தண்ணி எம்புட்டுக் கெடக்குன்னு பாக்கத் தட்டுவோம். மிச்சமெல்லாம் எம் மவ சொல்லித் தந்த கோட்டிக்காரத்தனம்."

அந்தக் கூட்டத்தில் தமிழ்ப் பையன் ஒருவன் இருந்தானாம். நாகராஜ் அண்ணன் மழுப்புவதற்குள் அவன் அப்படியே இங்கிலீஷில் சொல்லிவிட்டான். யாரும் சிரிக்கவில்லையாம். சார் எழுந்து பேன்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு வெளியே போனார். அன்றைக்குப் பொங்கின சோற்றை யாரும் தொடவில்லை. சந்து முழுக்கப் பங்கு வைத்தோம்.

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அண்ணன் அம்மாவிடம் சொல்லிவிட்டார். மாட்டுங்கா வீடுகளில் வேறு ஆள் சேர்த்தாயிற்று. அம்மா போய்க் கேட்டுவிட்டு வாசலோடு திரும்பிவந்தாள்.

அக்கா, நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது விளையாட்டு, எனக்கும் தெரியும், நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்துதான் சிரித்தோம் என்று. உனக்கு நாலு மார்க் குறையும். குறைந்தாலும் நீ சிங்கப்பூரில்தானே இருப்பாய். டிசம்பர் எனக்குப் போனாலும் போகட்டும் என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. ரெண்டையும் காப்பாற்ற வழி இருந்தால் பார். இல்லையென்றால் முதலில் அம்மாவைப் பார்.

சீக்கிரம் எழுது.

இசக்கி


சிங்கப்பூர்
19 அக்டோபர் 2025

அன்புத் தங்கை இசக்கிக்கு,

உங்கள் அனைவருக்கும் என் இனிய தீபாவளி வாழ்த்துகள். அம்மாவை நினைத்து மிகவும் வருந்தினேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு உன்மேல் கோபம் இல்லை. நீ சின்னப் பெண். விளைவு தெரியாமல் விளையாடிவிட்டாய்.

விசாரணைக் குழு என்னைக் கூப்பிட்டது. நானும் உன்னால் ஏமாற்றப்பட்டேன் என்று சொன்னேன். வேறு எப்படிச் சொல்ல முடியும், நீயே யோசித்துப் பார். சொல்லும்போது அழுதுவிட்டேன், அது நடிப்பு இல்லை. அவர்கள் பெருந்தன்மையோடு ஆய்வை மாற்றி எழுத அனுமதித்தார்கள். புதுத் தலைப்பு: 'களத்தில் ஏமாற்றப்படுதல், ஒரு மாணவியின் மறுசிந்தனை'. முதல் கட்டுரையைவிட இது ஆழமாக இருப்பதாக லிம் சார் சொல்கிறார். டிசம்பர் கருத்தரங்கில் நான்தான் பேசுகிறேன். உங்கள் டிரம்மின் படம் திரையில் வரும். உன் பெயர் எங்கும் வராது, கவலைப்படாதே. 'பங்கேற்பாளர் ஏழு' என்றுதான் குறிப்பிட்டிருக்கிறேன்.

டிசம்பர் இடத்தை மாட்டுங்காவைச் சேர்ந்த பத்ரிநாராயணன் என்ற மாணவருக்குக் கொடுத்துவிட்டார்கள். சந்திலிருந்து எடுப்பது இந்த முறை சரியாக இருக்காது என்று குழு நினைத்தது. என் அறையில் உனக்காக வாங்கிய மெத்தையைத் தம்பி எடுத்துக்கொண்டான்.

ஓர் உதவி வேண்டும். நடந்ததற்கு நீ மட்டுமே பொறுப்பு, எனக்கு எதுவும் தெரியாது என்று உன் கைப்பட ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி அனுப்பு. அது கோப்பில் சேர்ந்தால் பல்கலைக்கழகம் தொடர்ந்து உங்கள் சந்துக்கு மாணவர்களை அனுப்பும். அம்மாவைத் திரும்பச் சேர்த்துக்கொள்வதாக நாகராஜ் அண்ணனும் ஒப்புக்கொண்டிருக்கிறார், அதை நான்தான் பேசி வாங்கினேன். நவம்பர் நடுவுக்குள் வந்துவிட்டால் நல்லது. மொழிபெயர்த்துக் கொடுப்பது நான்தான், ஆகவே எளிமையாக எழுது. உன் வழக்கமான நகைச்சுவை வேண்டாம்.

இதை ஒரு கற்றல் அனுபவமாக எடுத்துக்கொள். நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். உன் கடிதம் வந்தால் என் ஆறு மாதக் கணக்கும் முடிகிறது.

என்றும் மாறா அன்புடன்,
பத்மஜா அக்கா


தாராவி
5 நவம்பர் 2025

மதிப்பிற்குரிய செல்வி பத்மஜா அவர்களுக்கு,

வணக்கம். கடந்த மே மாதம் தங்கள் பல்கலைக்கழக மாணவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, தண்ணீர் டிரம்மைத் தட்டுவது ஒரு சடங்கு என்று நான் பொய் சொன்னேன். அது முழுக்க என் கற்பனை. செல்வி பத்மஜா அவர்களுக்கு அது பொய் என்று தெரியாது. அன்றும் தெரியாது, பிறகும் தெரியாது. நான் அவரிடம் சொல்லவில்லை. அவர் என்னோடு சேர்ந்து சிரிக்கவில்லை.

என் தாயார் முப்பிடாதியம்மாளுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. அவரைத் தட்டச் சொன்னார்கள், தட்டினார். கேட்டார்கள், உள்ளதைச் சொன்னார். அவரைச் சமையல் வேலையில் மீண்டும் சேர்த்துக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

பேராசிரியர் லிம் அவர்களிடமும் மாணவர்களிடமும் மன்னிப்புக் கோருகிறேன்.

இப்படிக்கு,
பூ. இசக்கிசெல்வி

இதற்குக் கீழே இருப்பதை மொழிபெயர்க்க வேண்டாம்.

மேலே உள்ளதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும் முதுகில் நாலு வைத்தாள். அதில் ரெண்டு உங்களுடையது. தபாலில் அனுப்ப முடியாது என்பதால் நானே வாங்கிக்கொண்டேன்.

பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு கேட்டாள், "அந்தப் பிள்ளைக்கு நெசமாவே தெரியாதாட்டி? ஒன்னய நம்பியா அது இம்புட்டும் எழுதிச்சு?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இப்போது நீங்கள் சொன்னதை நம்புகிறவர்கள் இரண்டு பேர் ஆகிவிட்டார்கள், உங்கள் சாரும் என் அம்மாவும். அவள் உங்களுக்காக அழுதாள். பாவம், நல்ல பிள்ளையைக் கெடுக்கப் பார்த்தாயே என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இன்று காலையில், உங்களிடம் மன்னிப்புக் கேட்டு தன் பேரிலும் ஒரு கடிதம் எழுதச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். அதை நான் அனுப்பவில்லை. பதில் வந்ததா என்று தினமும் கேட்பாள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீங்கள் அவளுக்கு எதுவும் எழுத வேண்டாம். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. வாசித்துக் காட்ட இந்த வீட்டில் ஆள் இல்லை.