குழாய்க்கு வெட்டிய கான்

அன்புள்ள அக்காவுக்கு,

மச்சானின் கருமாதி முடிந்த அன்றே, கடிதம் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாய். ஆனாலும் எழுதுகிறேன். பிள்ளை இப்போதாவது இரவில் தூங்குகிறானா?

லயத்து வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய் போட ஆள் ஆழத்துக்கு வெட்டிய கான், மச்சான் மேல் மண் சரிந்த இடத்தோடு நின்றுபோயிருந்தது. திறப்பு விழாவுக்குப் பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்று தோட்டத்துத் துரை அவசரப்படுகிறார். நேற்றுக் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் எல்லாருக்கும் முன்னால் அப்பாவிடம், "கங்காணி, ஆள் எறக்க முடியாதுன்னா சொல்லு, வேற கங்காணி பாக்கிறேன்" என்றார்.

ஒருவரும் அசையவில்லை. மச்சான் இறங்கிய அன்றைக்கு, "மொதல்ல ஒங்க மருமகன எறக்குங்க, அப்புறம் நாங்க எறங்குறோம்" என்று சிரித்த சன்னாசியும் தலையைக் குனிந்துகொண்டான். அப்பாவின் வழக்கம் உனக்குத் தெரியும். ஆபத்தான வேலைக்கு நம் வீட்டு ஆளைத்தான் முதலில் அனுப்புவார். அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

இப்போது அனுப்ப நம் வீட்டில் ஆள் இல்லை. காலையிலிருந்து அவரே இறங்கித் தனியாக வெட்டுகிறார். மண்ணுக்குப் பலகை முட்டுக்கூடக் கொடுக்கவில்லை. மழையும் விடவில்லை. நான் தேத்தண்ணி கொண்டுபோய், "மேல வாங்கப்பா" என்றேன். அவர் மண்வெட்டியை நிறுத்தாமல், "ஒங்க அக்கா வந்தாளா?" என்று மட்டும் கேட்டார்.

இதை லுணுகலை பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். அவரை மன்னிக்கச் சொல்லவில்லை, அக்கா. கான் ஓரத்தில் வந்து நில். நீ திட்டினாலும், அதைக் கேட்கவாவது அவர் மேலே ஏறி வருவார்.

உன் தங்கச்சி