உழக் கூடாத மண்

யூன் 28
நடாத தோட்டத்துக்கு இன்று தண்ணீர் இறைத்தேன். ஜெயதீபன் வேலியடியில் நின்று, “உனக்கென்ன விசரே சுபா? வெறும் மண்ணுக்குத் தண்ணி விடுறாய்” என்றார். கட்டிய நாளிலிருந்து இந்த மனிசனுக்கு எதையும் இரண்டு தரம் சொல்ல வேண்டும். மண்ணுக்குள் சாரணைக் களையின் விதை உறங்கிக் கிடக்கிறது. ஈரமும் வெளிச்சமும் பட்டால் எழும்பும். எழும்பியதை உழவாரத்தால் மேலாகச் சுரண்டிச் செருக்கி, இனி எழும்பாது என்று ஆன பிறகு வெங்காயம் நட வேண்டும். போன முறை களை எல்லாவற்றையும் மூடிவிட்டது. மிஞ்சியது சாக்கில் கிடக்கும் விதை வெங்காயம்தான். இதுவும் போனால் எங்களுக்கென்று விதை இல்லை.

யூலை 6
நாலு தடி நட்டு, அதற்குள் முளைத்ததை எண்ணினேன். 212. செருக்கியாயிற்று. இனி மண்ணைக் கிளறவே கூடாது. கிளறினால் அடியில் கிடப்பது மேலே வரும்.

யூலை 15
மறுபடி இறைத்து, முளைத்ததை எண்ணினேன். 64. அதையும் செருக்கியாயிற்று.
விதை வெங்காயமும் முளை காட்டத் தொடங்கிவிட்டது. இரண்டு கிழமை தாங்குமா?

யூலை 23
ஒன்பது! ஒன்பதே ஒன்பது. நாளை மறுநாள் நடலாம்.

யூலை 24
ஆடி அமாவாசை. அப்பாவுக்காக அண்ணையோடு கீரிமலைக்குப் போய் வந்தேன். வந்து பார்த்தால் தோட்டம் உழுது கிடக்கிறது. ஆழமாக.
“நீ கஷ்டப்படுறாய் எண்டுதான் மெஷின் பிடிச்சு உழுவிச்சனான். மண் பொலபொலவெண்டு கிடக்குது, பார்” என்று ஜெயதீபன் சிரிக்கிறார்.
கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன். மனிசன் சாப்பிடாமல் படுத்துவிட்டார். நல்லது செய்யத்தானே நினைத்தவர்? ஓம், நினைத்தவர். அதுக்கு நான் என்ன செய்ய — என்ரை ஒரு மாத வேலையெல்லோ!

யூலை 31
உழுத மண்ணுக்கு மறுபடி இறைத்து ஆறாம் நாள். எண்ணவில்லை. எண்ண ஏலாது, அவ்வளவு பச்சை. செருக்கினாலும் இன்னும் இரண்டு தரம் எழும்பும். வெங்காயம் அதுவரை இருக்காது.
கிணற்றடி மூலையில் மட்டும் மெஷின் திரும்ப இடமில்லை. அங்கே உழுபடவில்லை; களையில்லாத வெறும் மண். ஜெயதீபன் அந்த மூலையைக் குந்தியிருந்து பார்த்தார்.

ஓகஸ்ட் 1
மூலையில் மட்டும் நட்டோம். மிச்ச விதை வெங்காயத்தை அயலுக்குக் கறிக்குக் கொடுத்தேன். அழுகை வந்தது.

ஒக்டோபர் 9
வெங்காயம் கிண்டினோம். விற்க ஒன்றுமில்லை. அடுத்த முறை விதைக்கு மட்டும் காணும்.
பின்னேரம் நான் கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டு நிற்க, மெஷின்காரப் பிரகாஸ் படலையடியில் வந்து, உழ வேண்டுமா என்று ஜெயதீபனைக் கேட்டான்.
“வேண்டாம் தம்பி. மனிசி சொன்னதைக் கேளாமல் உழுவிச்சு நான்தான் அவளின்ரை வெங்காயத்தைக் கெடுத்தனான்.”
இரண்டரை மாதமாக என்னிடம் வராத சொல். அதைப் போய்ப் பிரகாஸிடம் சொல்கிறார்! எனக்குக் கோபமும் வந்தது, கண்ணும் கலங்கியது. வாளியை வைத்துவிட்டு முழுவதையும் கேட்டேன்.