படத்தில் இருந்த தோடு

அக்கா,

காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் கைபேசியைத் திறந்தேன். மறுபடியும் அந்த வைரத் தோடு. ஏழு கல், நடுக்கல் சற்றே பெரியது. நாம் அதை வாங்கித் திருப்பி அனுப்பி இரண்டு வருடமாகிறது. நீங்கள் போயும் ஒரு வருடம் ஆகப்போகிறது. நகை விற்கும் அந்த இணையதளம் மட்டும் எதையும் மறக்கவில்லை. 'நீங்கள் விரும்பிப் பார்த்தது' என்று அடிக்கடி கொண்டுவந்து நீட்டுகிறது. விரும்பிப் பார்த்தது நீங்கள். கணக்கு என் பெயரில் இருப்பதால் என்னிடம் வருகிறது.

பக்கத்து குவார்ட்டர்ஸிலிருந்து ஏதாவது ஒரு கிண்ணத்தோடு வந்து, அதை என் சமையலறையில் வைத்துவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவீர்கள். "கடைக்குப் போனா இது வாங்கற மூஞ்சியான்னு பாப்பான் டீச்சர். இதுல எத்தினி தடவ பாத்தாலும் ஒருத்தனும் கேக்கல." வைரமும் நம் சுரங்கத்து நிலக்கரியும் அடிப்படையில் ஒரே கார்பன்தான் என்று நான் வகுப்பில் சொல்வதுபோல் சொன்னேன். "அப்ப எங்க வூட்டுக்காரரு இத்தினி வருசமா சட்டையில ஒட்டிக்கினு வந்ததெல்லாம் நான் தொவச்சி ஊத்திட்டனா!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

உங்கள் ஊர்ப் பக்கத்தில் வைரம் வாங்குகிறவர்கள் கல்லை முதலில் மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்ப்பார்கள். கெட்ட கனவு வந்தாலோ யாருக்காவது உடம்புக்கு வந்தாலோ, ஒத்துக்கொள்ளவில்லை என்று கடையில் திருப்பிவிடலாம். கடைக்காரர் ஏன் என்று கேட்கமாட்டார். நான் இதைக் கேலி செய்வேன். ஆய்வகச் சான்றிதழோடு வருகிறது, அதற்குமேல் என்ன என்பேன். "சர்ட்டிபிகேட்டு கல்லுக்குத்தானே டீச்சர், என் வூட்டுக்கு இல்லியே." முப்பது நாளுக்குள் திருப்பி அனுப்பலாம் என்று திரையில் இருந்ததைப் படித்துக் காட்டியதும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டீர்கள். "மூணு நாளு இல்லியா? ஒரு மாசமா?"

உங்கள் கணவரின் போனஸ் பணம் வந்திருந்த சமயம். என் கார்டில் ஆர்டர் செய்தோம். அந்த மாதம் முழுக்கத் தோடு உங்கள் காதில்தான் இருந்தது. ஒருநாள் கத்தரிப்பூ நிறச் சேலையில் என் வாசலில் நின்று படம் எடுக்கச் சொன்னீர்கள். மாதம் முடிவதற்குள் பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தீர்கள்.

"அனுப்பிடுங்க. கனவு சரியில்லன்னு வூட்ல சொல்லிட்டேன்."

"நிஜமாவே வந்துதா?"

"கனவும் இல்ல ஒண்ணும் இல்ல. அவரு ரிட்டையர் ஆவப்போறாரு. பையன் இன்னும் கான்ட்ராக்ட்டுலதான் கெடக்கறான். ஆச தீரப் போட்டுக்கினேன், போதும். கட்டுப்படியாவலன்னு சொன்னா அந்த மனுசன் ஒடஞ்சிடுவாரு. உங்களோட இருக்கட்டும்."

என்னோடு இருக்கவில்லை, அக்கா. மாரடைப்பு வந்து ஒரே காலையில் நீங்கள் போனீர்கள். மாலை போட நல்ல படம் வேறு இல்லை என்பதால் நான் எடுத்ததையே பெரிதாக்கி மாட்டினார்கள். கருமாதிக்கு மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வந்த உங்கள் நாத்தனார் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு உங்கள் மருமகளைப் பார்த்தார்.

"தோடு போட்டோல மின்னுது, பொட்டியில காணமே. கால் மொளச்சிப் போச்சா?"

மருமகள் வெளிறிப்போய் நின்றாள். உங்கள் கணவர்தான், "அது அப்பவே திருப்பியாச்சு. கனவு சரியில்லன்னு சொன்னா" என்றார்.

"இடி விழுந்தாலும் எழுந்துக்க மாட்டாங்க எங்கண்ணி, அவங்களுக்குக் கனவா? நீங்க சொல்லுங்க டீச்சரம்மா."

தலையசைத்திருந்தால் போதும். அந்தக் கூடத்தில் இருந்த எவரும் கனவுக்கு மறுபேச்சு பேசியிருக்கமாட்டார்கள். நீங்கள் தயாராக வைத்துவிட்டுப் போன வார்த்தை அது. எனக்குத்தான் வாய் வரவில்லை. கனவுக்கும் கல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டே பழகிய வாய். உங்கள் மருமகளைக் காப்பாற்றுவதாகவும் நினைத்துக்கொண்டேன். "கனவெல்லாம் இல்லை. கட்டுப்படியாகாதுன்னு திருப்பிட்டாங்க. ஒரு மாசம் போட்டுப் பார்க்கத்தான் வாங்கினாங்க" என்றேன், நிதானமாக, பிழையில்லாமல்.

"அப்ப ஓசியில மினுக்கிக்கினு போட்டோ புடிச்சிக்கினாங்களா?" என்றார் நாத்தனார். யாரோ சிரித்தார்கள்.

உங்கள் கணவர் என் அருகில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, "எங்கிட்ட கனவுன்னுதாங்களே சொன்னா" என்றார். மறுவாரம் போனபோது சுவரில் படம் மாறியிருந்தது. கம்பெனி மருத்துவ அட்டைக்காக எப்போதோ எடுத்தது. காதில் பொட்டுக் கம்மல், முகத்தில் சிரிப்பே இல்லை. அதற்குக் கீழே அவர் உட்கார்ந்திருந்தார். எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் ஓய்வுபெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு எல்லோரும் சொந்த ஊரான காடாம்புலியூருக்கே போய்விட்டார்கள். உங்கள் வீட்டில் இப்போது திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு இளம் தம்பதி. இன்று மாலை அந்தப் பெண் என் வீட்டுக்கு வந்திருந்தாள். பள்ளி விழாப் படங்களைக் காட்டுவதற்காகக் கைபேசியைக் கொடுத்தேன். தள்ளிக்கொண்டே போனவள் உங்களிடம் வந்து நின்றுவிட்டாள். கத்தரிப்பூச் சேலை, என் வாசல், அந்தச் சிரிப்பு. அதை நான் அழிக்கவில்லை.

"யாரு மேடம் இவங்க? தோடு எவ்வளவு அழகா இருக்கு! அவங்களோடதா?"

பொய் சொல்ல எனக்கு வராது என்று உங்களுக்குத் தெரியும்.

"அவங்களோடதுதான்" என்றேன்.