பின்காற்று

மார்ச் 3

என் மனைவியின் போன் அதிர்ந்தது. அவள் இறந்து ஏழு மாதம், இன்னும் சார்ஜ் போட்டுக்கொண்டே இருக்கிறேன். "யார் கூப்பிடப் போறாங்க மாமா?" என்று அவள் தங்கை ஒருமுறை கேட்டாள்.

சைக்கிள் செயலிதான். மேட்டுச் சாலையில் உங்கள் முதலிடம் போய்விட்டது என்றது. மூன்று கிலோமீட்டர் ஏற்றம். பெண்கள் பட்டியலில் என் மனைவி முதலில் இருந்தாள், 14:20. இப்போது மூக்குக்கண்ணாடிக் கடைப் பெண், 13:58. எங்கள் சைக்கிள் குழுவில் சேர்ந்தே ஆறு மாதம்தான்.

போனைக் கவிழ்த்து வைத்தேன்.

மார்ச் 4

டிவியில் பெரிய பந்தயம். ஏறிய நேரம், எடை, சரிவு மூன்றும் கிடைத்தால் எத்தனை வாட் சக்தியில் மிதித்தான் என்று கணக்குப் போட்டுவிடலாம். பத்து வருடமாக இதுதான் என் பொழுதுபோக்கு. "இது மனுஷக் கால் இல்ல, மருந்து" என்பேன், அவள் சிரிப்பாள்.

இன்று கை தானாக 13:58-ஐ எடுத்துக்கொண்டது.

மார்ச் 5

அவளுடைய வாட் கணக்கை வரைபடமாக்கி வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். போன மாதம் 14:50, இப்போது இது. கீழே ஒரே வரி: "எண்கள் பொய் சொல்லாது." அவள் பெயரைக்கூடப் போடவில்லை.

மார்ச் 8

அவள் மருந்து போடுகிறாள் என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். கருவிகளின் அளவைச் சரிபார்ப்பது என் வேலை, நான் எண் சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. குழுவுக்குத் தலைவர் சைக்கிள் கடை அண்ணன். சங்கிலிக்கு எண்ணெய் விட்டபடி சொன்னார்: "பாத்தா பூனை மாதிரி இருக்கு. என்னத்தப் போட்டுக்குதோ! அடுத்த மாசப் பந்தயத்துக்கு நீ வேணாம்மான்னுட்டேன்."

நான் தலையாட்டினேன். ஆட்டினேனே!

மார்ச் 9

ஃப்ரிட்ஜ் கதவில் இன்னும் இரண்டு ஊசி இருக்கிறது. என் மனைவிக்குச் சிறுநீரகம் கெட்டபின், ரத்தம் ஊறுவதற்காக வாரம் ஒன்று. நான்தான் போட்டுவிடுவேன். பந்தயக்காரர்கள் திருட்டுத்தனமாகப் போட்டுக்கொள்ளும் அதே மருந்து. ஒருவன் மாட்டிய அன்று டிவியைப் பார்த்துச் சொன்னாள்: "எனக்கும் அவனுக்கும் ஒரே ஊசி. அவனுக்குத் தடை, எனக்கு உப்பில்லாத சோறு."

அது வேலை செய்த நாலு நல்ல மாதத்தில்தான் அந்த 14:20. அந்தப் பட்டியலில் ரத்தத்தில் மருந்து இருந்தது யாருக்கு? என் பொண்டாட்டிக்கு. நான் கைகாட்டினது யாரை?

இன்னொன்று. இதுவரை இங்கேகூட எழுதவில்லை. அந்தப் பெண் 13:58-இல் ஏறிய காலை, ஏற்றம் முழுக்க முதுகில் தள்ளிவிட்ட பின்காற்று. கணக்கு அட்டவணையில் காற்றுக்கு ஒரு பத்தி இருந்தது. நான்தான் அழிச்சேன். தெரிஞ்சேதான் அழிச்சேன்.

மார்ச் 11

கண் பரிசோதனை என்று சொல்லிக்கொண்டு அந்தப் பெண்ணின் கண்ணாடிக் கடைக்குப் போனேன். கனமான சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி, ஒரு கண்ணை மறைத்தாள்.

"கீழ் வரியைப் படிங்கண்ணா."

படித்தேன்.

"இதுல நல்லா தெரியுதா, இதுலயா?"

"காத்தை நான் எடுத்துட்டேன்" என்றேன்.

"என்னது?"

சொன்னேன். பத்தியை அழித்ததை, மனைவியின் போனை, ஊசியை. ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்துக்கொண்டே.

கையிலிருந்த லென்ஸைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். "எங்கம்மா என் பையைத் துழாவினாங்க, தெரியுமா? மாத்திரை இருக்கான்னு."

"என் பொண்டாட்டி நேரத்தைப் பட்டியல்லேர்ந்து எடுத்துடறேன்."

"அக்காவை எதுக்கு இழுக்கறீங்க? அவங்க நோய்க்குப் போட்டாங்க. தப்புப் பண்ணது நீங்க. அந்த 14:20-ஐப் பாத்துப் பாத்துதான் மூணு மாசம் மிதிச்சேன். அது அங்கயே இருக்கட்டும். நீங்க க்ரூப்ல உங்க பேரைப் போட்டு எழுதுங்க."

சட்டத்தைக் கழற்றினாள்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு உங்களுக்கு."

மார்ச் 12

எழுதினேன். காற்றோடு சேர்த்த வரைபடம், அழித்தது நான்தான் என்பது, எல்லாம். மாலையில் அண்ணன் மட்டும் கேட்டார்: "நீயாப்பா?"

பந்தயப் பட்டியலில் கண்ணாடிக் கடைப் பெண்ணின் பெயர் திரும்ப வந்திருக்கிறது.

மார்ச் 14

ஞாயிற்றுக்கிழமைச் சவாரிக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை.

மார்ச் 17

நேற்று ஊசி இரண்டையும் மருத்துவமனையில் கொடுத்துவிட்டேன். மனைவியின் போன் அணைந்திருக்கிறது, சார்ஜ் போடவில்லை. மேட்டுச் சாலைப் பட்டியலில் அவள் பெயர் இரண்டாவதாக இருக்கிறது.

காலையில் தனியாக மேட்டில் ஏறினேன். 12:41. என் பழைய நேரத்தைவிட ஒன்பது நொடி குறைவு.

பின்காற்று இருந்தது.