காலி என்று நான் கழுவிய தட்டுகள்

என் செல்லச் சண்டைக்காரி ஸ்டெல்லாக்காவுக்கு,

நீ போய் ஒன்பது மாதமாகிறது. நல்ல சேதி ஒன்று வைத்திருக்கிறேன். அதற்கு முன் அந்தத் தட்டுகளைப் பற்றிப் பேசிவிடுகிறேன்.

மாட்டுப்பட்டி ஊருக்கு மேலே மலையில், மழைத்தண்ணீர் மட்டுமே வந்து சேரும் சின்ன ஏரியில் என்னென்ன பாக்டீரியாக்கள் வாழ்கின்றன என்பதுதான் உன் ஆராய்ச்சி. ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வந்ததும், பாக்டீரியா வளர்வதற்காக ஏரித் தண்ணீர் தடவிய கண்ணாடித் தட்டுகளை வீட்டு அலமாரியில் வைத்து, பார்த்துக்கொள்ளச் சொன்னாய். நானோ பால் பரிசோதிக்கிறவன். இரண்டு நாளில் தட்டில் ஒன்றும் முளைக்காவிட்டால் பால் சுத்தம், எங்களுக்குக் கொண்டாட்டம். மூன்றாம் நாள் எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பெருமையாக வந்து சொன்னேன்: "தண்ணி அம்புட்டு சுத்தம்க்கா. ஒண்ணுமே இல்ல."

"ஏலே கூறுகெட்டவனே, இது என்ன பாலாலே? அதுக பட்டினியிலயே பழகுனதுக. முளைக்க மாசக்கணக்காகும்லா!"

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். அடுத்த வாரமே போய்விட்டாய். கோபம் தீர்ந்துதான் போனாயா, அக்கா?

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. உன் கைடு டீச்சரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். ஏரி அங்கேதானே இருக்கிறது, மறுபடியும் தண்ணீர் எடுத்து வா என்றார். ஞாயிறு பூசை முடிந்ததும் மலையேறினேன். உன் நோட்டில் இருந்தபடியே, தட்டில் ஊற்றும் கூழில் சத்தைத் துளியளவுதான் கலந்தோம். அதிகம் ஊட்டினால் அவை வளராதாமே! இப்படியும் ஒரு ஜீவன் உண்டா?

ஐந்து வாரம் வெறும் தட்டு. கழுவப் போகாமல் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். ஆறாவது வாரம், குண்டூசி முனையளவு மஞ்சள் புள்ளி ஒன்று. பிறகு வெள்ளை, ஆரஞ்சு, ஒளி ஊடுருவும்படி ஒன்று. சிலவற்றை எந்த வகையில் சேர்ப்பது என்றே டீச்சருக்குத் தெரியவில்லை. டி.என்.ஏ. பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்.

டீச்சர் அனுமதியோடு அம்மாவை லேபுக்கு அழைத்துப்போய்க் காட்டினேன். தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இம்புட்டுக்காணு தின்னுட்டு எப்பிடிலே உசிரோட கெடக்கு?" என்று கேட்டாள். நீ போன பிறகு அம்மா சிரித்தது அன்றுதான்.

இந்த மழைக்காலம் முழுக்க நானே ஏரிக்கு ஏறுவேன். உன் நோட்டின் கடைசிப் பக்கம் நிறையும்வரை விடமாட்டேன். தட்டின் அடியில் ஆராய்ச்சியாளர் பெயர் எழுத வேண்டுமாம். என் பெயரை எழுதச் சொன்னார் டீச்சர். நான் எழுதியது ஸ்டெல்லா என்றுதான்.

உன் உதவியாளனாகச் சேர்ந்துவிட்ட,
தம்பி ஆரோக்கியம்