டிரம்முக்குள் ஒரு போர்வை

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? நான் சௌக்கியம்.

எங்கள் கல்லூரி ராக் பேண்டின் முதல் கச்சேரி ஒரு காபிக் கடையில் நடந்தது. நான்தான் டிரம்ஸ், அப்பாவிடம் மெதுவாகச் சொல். முதல் பாட்டிலேயே கடைக்காரர் ஓடிவந்தார்.

"தம்பி, காது கிழியுது! சத்தத்தைக் குறைங்க, இல்லேன்னா மூட்டையைக் கட்டுங்க!"

பாடுகிறவன் பேயறைந்தவன்போல் நின்றான். பக்கத்துத் தெருவிலிருக்கும் என் அறைக்கு ஓடி, நீ கொடுத்தனுப்பிய போர்வையைக் கொண்டுவந்து பெரிய டிரம்முக்குள் திணித்தேன். சத்தம் பெட்டிப்பாம்பாய் அடங்கியது. அப்பாடா! இனி வாராவாரம் வாசிக்கச் சொல்லிவிட்டார்.

ஆகவே அந்தப் போர்வை இனி டிரம்முக்குத்தான். எனக்கு வேறொன்று அனுப்பு. குளிர் ஒன்றும் அதிகமில்லை.

ஒத்திகைக்குக் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன். புதிதாக வாங்கினால் அதை நீ வைத்துக்கொள். நீ போர்த்திக்கொள்வதை எனக்கு அனுப்பு.

உன் மகன்